ஒத்தை டிக்

2025 செப்டம்பர் 29, திங்கக்கெழம, ராத்திரி எட்டரை மணி. வழக்கம்போல ஆன்லைன் இங்கிலீஷ் க்ளாஸுக்கு லேப்டாப்ப தொறந்து வெச்சு உக்காந்துட்டேன், பக்கத்துல நோட்டு, செவப்பு பேனா, பாதி குடிச்ச காபி. அந்தப் பொண்ணு ஒரு நாளும் லேட்டா வந்ததில்ல. நமக்கு எட்டரைன்னா அவளுக்கு ஏழரை, அவ ஏழு இருபத்தஞ்சுக்கே வந்து உக்காந்துருப்பா. எட்டு நாப்பது ஆச்சு, எட்டே முக்கால் ஆச்சு, ஆளக் காணோம். காபூல்ல கரன்ட் போறதெல்லாம் தெனப்படி கத, சரி வருவான்னு நெனச்சு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டேன். ஒத்தை டிக். பத்து மணிக்குப் பாத்தேன், ஒத்தை டிக். காலைல எந்திரிச்சு பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி போன எடுத்துப் பாத்தா அப்பவும் ஒத்தை டிக்தான்.

அப்புறம் நியூஸ்ல பாத்து தெரிஞ்சுகிட்டேன், ஆப்கானிஸ்தான் முழுக்க இன்டர்நெட்ட தாலிபான் ஆளுங்க நிறுத்திட்டாங்க. நாலு கோடி பேருக்கு மேல இருக்கற ஒரு நாடு, அது மொத்தமா வெளி உலகத்துலேர்ந்து துண்டாயிடுச்சு, போன் கூட போகல. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பால்க் மாகாணத்துல ஃபைபர் லைன கட் பண்ணி ஆரம்பிச்சிருந்தாங்க, ஒழுக்கக்கேட்ட தடுக்கறதுக்காகன்னு சொல்லி. ஸ்கூலுக்குப் போகக்கூடாது, காலேஜுக்குப் போகக்கூடாது, பார்க்குக்குப் போகக்கூடாதுன்னு ஆன அப்புறம் அந்தப் பொண்ணுங்களுக்கு மிச்சம் இருந்தது கையில இருந்த அந்த ஆறு இஞ்சு ஸ்க்ரீன் ஒண்ணுதான், அதையும் அணைச்சுட்டாங்க. அந்த ரெண்டு நாளும் எனக்கு வேற எந்த வேலையும் ஓடல.

அவ பேரையும், எந்த ஏரியாங்கறதையும் இங்க எழுத மாட்டேன். அந்தப் பொண்ணுன்னே சொல்றேன். அவள எனக்கு எப்படித் தெரியும்னு சொல்லணும்னா சேப்பாக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்.

2023 அக்டோபர் 23, வேர்ல்ட் கப், ஆப்கானிஸ்தான் பாகிஸ்தான் மேட்ச். தம்பிதான் டிக்கெட் எடுத்திருந்தான், எனக்கு கிரிக்கெட் பைத்தியம் அவ்ளோ கெடையாது, சும்மா போனேன். பாகிஸ்தான் 282 அடிச்சாங்க, சேப்பாக்கம் பிட்ச்ல இத சேஸ் பண்றதெல்லாம் நடக்குமான்னு தம்பி சொல்லிட்டே இருக்கான், அவங்க என்னடான்னா ரெண்டே விக்கெட் போட்டு முடிச்சுட்டாங்க. இப்ராஹிம் சத்ரான் 87. ஸ்டேடியமே அவங்க பக்கம் நின்னுச்சு, மேட்ச் முடிஞ்சு அவங்க கிரவுண்ட சுத்தி வந்து கையெடுத்து கும்பிட்டப்ப பக்கத்துல இருந்த வயசான ஒரு அம்மா கண்ணத் தொடச்சுகிட்டாங்க. அந்த மாசம் 7ஆம் தேதிதான் அவங்க நாட்டுல ஹெராத்ங்கற எடத்துல பெரிய நிலநடுக்கம், செத்தவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல பொம்பளைங்களும் கொழந்தைங்களும்தான்னு யுனிசெஃப் சொல்லிச்சு. பகல் நேரம், ஆம்பளைங்க வெளிய வேலைல, இவங்க வீட்டுக்குள்ள.

வீட்டுக்கு வந்து ஸ்டேட்டஸ் போட்டேன், கை தட்டுற வீடியோ. முன்னாடி என்கூட வேல பாத்த ஒரு டீச்சர் அதுக்கு பதில் போட்டாங்க. கோவமாலாம் இல்ல, நிதானமா கேட்டாங்க, "இவங்க நாட்டு பொண்ணுங்க டீம் இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" எனக்குத் தெரியல. அப்படி ஒரு டீம் இருந்ததே தெரியாது. 2020 நவம்பர்ல அவங்க போர்டு 25 பொண்ணுங்களுக்கு கான்ட்ராக்ட் குடுத்திருக்கு, ஒம்போது மாசத்துல, 2021 ஆகஸ்ட் 15, காபூல் தாலிபான் கைக்குப் போயிடுச்சு. அந்தப் பொண்ணுங்க கிட் பேக்க, ஜெர்சிய எல்லாம் ஒளிச்சு வெச்சு, எரிச்சு, எப்படியோ தப்பிச்சு பெரும்பாலானவங்க ஆஸ்திரேலியா போய் சேந்தாங்க. அந்த டீச்சர் அப்பவே ஆப்கன் பொண்ணுங்களுக்கு ஆன்லைன்ல க்ளாஸ் எடுத்துட்டிருந்தாங்க, நீங்களும் வாரத்துக்கு ரெண்டு நாள் இங்கிலீஷ் எடுக்கறீங்களான்னு கேட்டாங்க. 2024 ஜனவரில ஆரம்பிச்சேன்.

மொத நாள் க்ளாஸ நெனச்சா இப்பவும் மனசு உறுத்துது. கேமரா ஆஃப், பேர் இருக்கற எடத்துல வெறும் ஒரு எழுத்து. நான் பாட்டுக்கு கேக்கறேன், எப்படிம்மா இருக்க, பயமா இருக்கா, வெளிய போக விடறாங்களா, மூஞ்ச மூடணுமா, உன் கனவு என்ன. டிவில பேட்டி எடுக்கறவங்க மாதிரி. அவ எல்லாத்துக்கும் ஒத்தை வார்த்தைல மரியாதையா பதில் சொன்னா. ஒரு பத்து நிமிஷம் கழிச்சு சாட்ல டைப் பண்ணா, "உஸ்தாத், சின்ஸுக்கும் ஃபாருக்கும் என்ன வித்தியாசம்?"

உஸ்தாத்னா அவங்க மொழில டீச்சர். அவ வந்தது படிக்க, நான் வந்தது பரிதாபப்பட. அந்த ஒரு கேள்வில எனக்கு உரைச்சுது. சரின்னு தமிழ யோசிச்சு சொல்லிக் குடுத்தேன், எங்க மொழில 'லேர்ந்து'ன்னு ஒண்ணு இருக்கு, 'வருஷமா'ன்னு ஒண்ணு இருக்கு, எப்ப ஆரம்பிச்சுதுங்கறதுக்கு ஒண்ணு, எவ்ளோ நாளா இழுக்குதுங்கறதுக்கு ஒண்ணுன்னு. ரெண்டு வாக்கியம் எழுதிக் காட்டுன்னேன். எழுதுனா: 2021-லேர்ந்து நான் வீட்டில் இருக்கிறேன். இரண்டரை வருஷமாக நான் வீட்டில் இருக்கிறேன். ரெண்டும் கரெக்ட். செவப்பு பேனாவுக்கு வேலையே இல்ல.

2021ல அவ எட்டாவது. அந்த செப்டம்பர்ல பசங்களுக்கு மட்டும் ஹைஸ்கூல் தொறந்தாங்க, பொண்ணுங்கள பத்தி அறிவிப்புல ஒரு வார்த்த கூட இல்ல. பெண்கள் விவகார அமைச்சகம் இருந்த கட்டடத்துல போர்ட மாத்தி நன்மைய ஏவி தீமைய தடுக்கற அமைச்சகம்னு மாட்டுனாங்க. அப்புறம் 2022 மார்ச் 23. அங்க நவ்ரோஸ் முடிஞ்சு புது வருஷம், ஸ்கூல் தொறக்கற நாள், பொண்ணுங்களும் வரலாம்னு சொல்லிட்டாங்க. இவ மொத நாள் ராத்திரியே கருப்பு யூனிஃபார்ம அயர்ன் பண்ணி, வெள்ள துணிய மடிச்சு தலகாணி பக்கத்துல வெச்சுட்டு தூங்கிருக்கா. காலைல போய், அட்டென்டன்ஸ் எடுத்து, பக்கத்துல உக்காந்த ஃப்ரெண்டோட பேசி முடிக்கல, ஹெட்மிஸ்ட்ரஸ் உள்ள வந்து எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு அழுதுகிட்டே சொன்னாங்களாம். தாலிபான் தலைமை இருக்கற கந்தஹார்லேர்ந்து உத்தரவு. அந்த யூனிஃபார்ம் இப்ப அவளுக்கு பத்தாது, ஆனா அம்மா அத யாருக்கும் குடுக்கல.

இப்படி ஒண்ணு ஒண்ணா. 72 கிலோமீட்டருக்கு மேல போறதுன்னா கூட மஹ்ரம் வேணும்னு 2021 டிசம்பர்லயே சொல்லிட்டாங்க, அதாவது அப்பா, புருஷன், அண்ணன் தம்பி மாதிரி நெருங்கின ஆம்பளைத் தொண. 2022 மே மாசம் மூஞ்ச மூடணும்னு ஆணை, பொண்ணு மீறுனா தண்டன வீட்டு ஆம்பளைக்கு. யோசிச்சுப் பாருங்க, இது எவ்ளோ கணக்குப் போட்டு செஞ்ச வேலன்னு. ஒவ்வொரு அப்பாவையும் அண்ணனையும் வீட்டுக்குள்ளயே காவக்காரனா ஆக்கிட்டா வெளிய போலீஸே தேவையில்ல. நவம்பர்ல பார்க், ஜிம். டிசம்பர் 20 யுனிவர்சிட்டி. நாலு நாள் கழிச்சு தொண்டு நிறுவனங்கள்ல வேலைக்குப் போகக்கூடாது. 2023 ஜூலைல பியூட்டி பார்லர் எல்லாத்தையும் மூடுனாங்க, அது வெறும் பார்லர் கெடையாது, அம்பதாயிரம் அறுபதாயிரம் பொண்ணுங்களுக்கு சோறு போட்ட தொழில், அதுக்கும் மேல ஆம்பளைங்க கண்ணு இல்லாம நாலு பொண்ணுங்க உக்காந்து டீ குடிச்சு சிரிச்சுப் பேச இருந்த கடைசி எடம்.

அவளோட பெரியம்மா பொண்ணு மிட்வைஃப் படிச்சுட்டிருந்தா, பிரசவம் பாக்கற படிப்பு. மத்ததெல்லாம் மூடுனாலும் இத விட்டு வெச்சிருந்தாங்க. 2024 டிசம்பர்ல அதையும் மூடிட்டாங்க, நர்ஸிங்கும் சேத்து. பொம்பளைங்கள ஆம்பள டாக்டர் பாக்கறதுக்கு ஆயிரம் தடை, பொம்பள டாக்டரும் நர்ஸும் இனிமே உருவாகவே முடியாது, அப்ப வலி எடுத்தவ எங்க போவா? உலகத்துலயே பிரசவத்துல தாய் சாவறது ரொம்ப அதிகமா இருக்கற நாடுகள்ல அது ஒண்ணு. ஆப்கன் கிரிக்கெட் வீரர்கள் ரஷீத் கானும் நபியும் இத எதுத்து வெளிப்படையா எழுதுனாங்க, அப்படி எழுதறது லேசான காரியம் இல்ல. 2025 ஆகஸ்ட் 31 ராத்திரி அங்க குனார் மாகாணத்துல நிலநடுக்கம் வந்து ரெண்டாயிரம் பேருக்கு மேல செத்தப்ப, மீட்க வந்த ஆம்பளைங்க அந்நிய பொண்ணுங்கள தொடத் தயங்குனதால அடிபட்ட பொம்பளைங்க காத்துக் கெடந்தாங்கன்னு செய்தி வந்துச்சு. அத படிச்சிட்டு எனக்கு சோறு எறங்கல.

2024 ஆகஸ்ட்ல வந்த சட்டத்தப் பத்தி தனியா சொல்லணும். 35 பிரிவு இருக்கற சட்டம் அது, 13ஆவது பிரிவு பொண்ணோட கொரலையே மறைக்க வேண்டிய விஷயம்னு சொல்லுது, சத்தமா பாடறது, ஓதறது எல்லாம் அதுல வந்துடும். அடுத்த க்ளாஸ்ல அவ பேசல. மைக் ம்யூட். என்னாச்சும்மான்னா டைப் பண்றா, கீழ் வீட்டுக்கு புதுசா ஆளுங்க குடி வந்திருக்காங்க, யாருன்னு தெரியல, அம்மா சத்தம் வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மூணு வாரம் நான் பேசுவேன், அவ டைப் பண்ணுவா. இங்கிலீஷ் ஸ்போக்கன் க்ளாஸ், ஒரு பக்கம் மட்டும் சத்தம். அதே நேரத்துல அந்த ஊரு பொண்ணுங்க முகத்த மூடிகிட்டு பாட்டுப் பாடி வீடியோ போட ஆரம்பிச்சாங்க, உள்ள இருக்கறவங்களும் வெளிநாட்டுல இருக்கறவங்களும். நாலாவது வாரம் ஒரு நாள் நடுராத்திரி எனக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு, 40 செகண்ட். பாட்டு இல்ல, நான் குடுத்த ரீடிங் பாசேஜ். தலையோட போர்வைய போத்திகிட்டு படிச்சிருக்கா, மூச்சு போர்வைல பட்டு திரும்ப வர்ற சத்தம் கேக்குது, தேனீ பத்தின பாடம், ஒரு எடத்துல கூட நிறுத்தல. கீழ ஒரு வரி, "ப்ரொனன்சியேஷன் சரியா இருக்கா?"

இப்ப வெளிய இருக்கற நம்ம கதைக்கு வர்றேன், இத எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

எங்க சொந்தக்காரங்க குரூப்ல ஒரு சித்தப்பா இருக்கார், நல்ல மனுஷன், எனக்கு ஃபீஸ் கட்ட காசு குடுத்தவர். ஆப்கானிஸ்தான்ல எது நடந்தாலும் மொத வீடியோ அவருதான் போடுவார், சாட்டையடி, புர்கா, அழுற கொழந்த, கீழ ஒரு வரி, "பாத்துக்கோங்க, இவங்க மதமே இப்படித்தான்". நான் க்ளாஸ் எடுக்கறது அவருக்குத் தெரியும். ரெண்டு வருஷத்துல ஒரு தடவ கூட அந்தப் பொண்ணு எப்படி இருக்கா, என்ன படிக்கறான்னு கேட்டதில்ல. அவருக்கு அந்தப் பொண்ணு தேவையில்ல, இங்க பக்கத்து தெருவுல இருக்கறவங்கள குத்திக் காட்ட ஒரு வீடியோ தேவை. அந்தப் பொண்ணு அஞ்சு வேள தொழறவ. தொழுக நேரம் வந்தா பத்து நிமிஷம் உஸ்தாத்னு கேட்டுட்டுப் போயிட்டு வருவா. குர்ஆன்ல மொத மொத எறங்கின வார்த்தையே இக்ரா, ஓதுவீராகங்கறதுதான், அந்த மொத வார்த்தையையே எங்ககிட்டேர்ந்து எடுத்துட்டாங்கன்னு சொல்லுவா, அத சொல்லும்போது மட்டும் அவ டைப்பிங் ரொம்ப வேகமா வரும். யுனிவர்சிட்டி தடைய எகிப்துல இருக்கற அல் அஸ்ஹரோட பெரிய இமாமே ஷரியாவுக்கு எதிரானதுன்னு கண்டிச்சார். தாலிபான் அரசுலயே வெளியுறவு துணை அமைச்சரா இருந்த ஸ்டானிக்சாய், இந்தத் தடைக்கு எந்த நியாயமும் இல்லன்னு 2025 ஜனவரில மேடைல பேசுனார், பேசிட்டு நாட்ட விட்டே போக வேண்டியதாச்சு. எங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடி அக்கா முஸ்லிம், மகள டாக்டருக்கு படிக்க வெக்கறாங்க, மகளோட பழைய நீட் புத்தகத்த ஒவ்வொரு பக்கமா போன்ல ஸ்கேன் பண்ணி அந்தப் பொண்ணுக்கு அனுப்ப குடுத்தது அவங்கதான். 400 பக்கத்துக்கு மேல. சித்தப்பாவோட வீடியோ போய் விழறது அந்த அக்கா மேல.

இன்னொரு பக்கம் என் ஃப்ரெண்ட்ஸ், படிச்சவங்க, எல்லா அநியாயத்துக்கும் மொத ஆளா கொரல் குடுக்கறவங்க. ஆப்கன் பொண்ணுங்கன்னு ஆரம்பிச்சா கொஞ்சம் நெளிவாங்க. அமெரிக்கா போட்ட போரால வந்தது இதெல்லாம், நாம பேசுனா அது இஸ்லாமிய வெறுப்புக்குத் தீனி ஆயிடும், அவங்க கலாச்சாரத்த நாம எப்படி. பாதி உண்மதான், மறுக்கல. 2001 நவம்பர்ல லாரா புஷ் ரேடியோல பேசுனாங்க, இந்தப் போர் பெண்களோட உரிமைக்கும் கண்ணியத்துக்கும் சேத்துதான்னு. 2020 பிப்ரவரி 29 தோஹால அதே அமெரிக்கா தாலிபானோட ஒப்பந்தம் போட்டுச்சு, அதுல பெண்களோட உரிமைய பத்தி ஒரு வரி கெடையாது. உள்ள வர்றதுக்கு பொண்ணுங்க பேரு தேவப்பட்டுச்சு, வெளிய போறப்ப தேவப்படல. கோவம் வரத்தான் செய்யும். ஆனா அமெரிக்கா மேல இருக்கற கோவத்துக்காக எட்டாவதோட நின்னு போன ஒரு பொண்ண பத்தி வாய மூடிக்கறது எந்த ஊரு நியாயம்? கலாச்சாரம்ங்கற, அந்த ஸ்கூல் யூனிஃபார்ம இன்னும் பீரோல வெச்சிருக்கற அம்மா எந்த கலாச்சாரம்? அவங்க ஆப்கன் இல்லயா? 1977லயே காபூல்ல மீனாங்கற பொண்ணு ராவான்னு பெண்கள் அமைப்பு ஆரம்பிச்சாங்க, பத்து வருஷத்துல அவங்கள கொன்னுட்டாங்க. 1999ல, தாலிபான் மொத தடவ ஆண்டப்ப, காபூல் காஜி ஸ்டேடியத்துல கூட்டத்துக்கு நடுவுல ஒரு பொண்ண சுட்டுக் கொன்னப்ப அத புர்காவுக்குள்ள கேமராவ ஒளிச்சு வெச்சு எடுத்து உலகத்துக்குக் காட்டுனது அந்த அமைப்பு பொண்ணுங்கதான். உரிமைங்கற வார்த்தைய வெளியாளுங்க வந்து அவங்களுக்கு சொல்லிக் குடுக்கல.

அரசாங்கங்கள பத்தி சொன்னா இன்னும் கசப்பு. 2024 ஜூன் கடைசில ஐநா தோஹால கூட்டம் வெச்சுச்சு, ஆப்கானிஸ்தானோட எதிர்காலத்த பத்தி, தாலிபான் வரணும்கறதுக்காக மெயின் மேசைல ஆப்கன் பெண்களையே உக்கார வெக்கல. 2025 ஜூலை 3 ரஷ்யா தாலிபான் அரச முறப்படி அங்கீகரிச்சுது. அஞ்சே நாள் கழிச்சு ஜூலை 8, சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தாலிபானோட உச்ச தலைவர் ஹைபத்துல்லா அகுந்த்சாதாவுக்கும் அவங்க தலைமை நீதிபதி ஹக்கானிக்கும் பிடிவாரன்ட் போட்டுச்சு, பொண்ணுங்கள பொண்ணுங்கங்கறதுக்காகவே ஒடுக்குன குற்றத்துக்கு. அன்னிக்கு அவ குஷியா இருந்தா. பிடிப்பாங்களான்னு கேக்கல, "எங்க பேருக்கு ஒரு கேஸ் நம்பர் இருக்கு"ன்னா.

நம்ம டெல்லி. அக்டோபர் 10, தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாகி வந்து ஆப்கன் எம்பசில ப்ரஸ் மீட் வெச்சார், பெண் பத்திரிகையாளர் ஒருத்தர் கூட உள்ள இல்ல. நம்ம தலைநகரத்துல, நம்ம ஊரு பொண்ணுங்கள. நம்ம அரசாங்கம் எங்களுக்கு இதுல சம்மந்தம் இல்லன்னுடுச்சு. பெரிய சத்தம் கெளம்பி ரெண்டு நாள்ல இன்னொரு ப்ரஸ் மீட், பெண் நிருபர்கள் முன் வரிசைல உக்காந்து கேள்வி கேட்டாங்க, டெக்னிக்கல் இஷ்யூன்னு அவரு சமாளிச்சார். பொண்ணுங்க படிப்ப பத்தி கேட்டதுக்கு, அத ஹராம்னு சொல்லல, அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் தள்ளி வெச்சிருக்கோம்னார். இத அவகிட்ட சொன்னேன். ரெண்டு நாள்ல மறுபடி கதவ தொறந்துட்டாங்களான்னு அவ ஆச்சரியப்பட்டா. அப்புறம் டைப் பண்ணா, உங்க ஊரு பொண்ணுங்கள வெளிய நிறுத்துனப்ப உங்களுக்கு வந்த கோவம் எவ்ளோ நாள் இருக்கும்? எனக்கு பதில் தெரியல. நவம்பர் வந்தப்ப அந்த விஷயம் யார் டைம்லைன்லயும் இல்ல.

விசா பத்தி நெனச்சா எனக்கு ரத்தம் கொதிக்கும். காபூல் விழுந்த அஞ்சாம் நாள், ரங்கினா கர்கர்னு ஃபர்யாப் மாகாணத்து எம்பி, முறையான பாஸ்போர்ட்டோட டெல்லி ஏர்போர்ட்ல வந்து எறங்குனாங்க, மணிக்கணக்கா நிக்க வெச்சு வந்த வழியே இஸ்தான்புல்லுக்கு திருப்பி அனுப்பிட்டாங்க, அப்புறமா வருத்தம் தெரிவிச்சாங்க. அந்த மாசமே ஆப்கானியர்களுக்கு குடுத்திருந்த பழைய விசா எல்லாம் செல்லாதுன்னு அறிவிச்சாங்க, இங்க காலேஜ்ல எடம் கெடச்சிருந்த பொண்ணுங்க அங்கயே மாட்டிகிட்டாங்க. சேப்பாக்கத்துல எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனோம், அவங்க டீமுக்கு இங்க பாய் விரிச்சோம். தங்கச்சிங்களுக்கு அப்ப கதவு சாத்திருந்துச்சு. ஐரோப்பிய ஒன்றியத்தோட நீதிமன்றம் 2024 அக்டோபர்ல ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, ஆப்கன் பொண்ணுங்கற ஒண்ணே போதும், அடைக்கலம் கேக்க தனித்தனியா வேற எதையும் நிரூபிக்க வேண்டாம்னு. அந்த மாதிரி ஒரு வரி நம்மகிட்டேர்ந்து வர்றதுக்கு என்ன தடை?

கிரிக்கெட்டுக்கு திரும்ப வரேன். ஆஸ்திரேலியா 2021 ஹோபார்ட் டெஸ்ட், 2023 ஒன்டே சீரிஸ், 2024 டி20 சீரிஸ், மூணையும் பொண்ணுங்க நிலைமைய காரணம் காட்டி ஆடல. ஆனா வேர்ல்ட் கப்புன்னா ஆடுவாங்க, மும்பைல மேக்ஸ்வெல் அடிச்ச 201 இதே ஆப்கானிஸ்தானுக்கு எதிராத்தான். இங்கிலாந்துல 160 அரசியல்வாதிங்களுக்கு மேல கையெழுத்து போட்டு 2025 சாம்பியன்ஸ் ட்ராஃபி லாகூர் மேட்ச பகிஷ்கரிக்கச் சொன்னாங்க, ஆடுனாங்க, தோத்தாங்க. பகிஷ்காரமே தப்புன்னு சொல்ல மாட்டேன். 1974 டேவிஸ் கப் ஃபைனல், நம்ம மெட்ராஸ் பசங்க விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் இருந்த டீம், ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவோட ஆட மாட்டோம்னு இந்தியா கப்பையே விட்டுக் குடுத்துச்சு. இன்னிக்கும் நெஞ்ச நிமித்தி சொல்லிக்கற விஷயம். ஆனா அன்னிக்கு எங்க நாட்டோட ஆடாதீங்கன்னு கேட்டது அந்த ஊரு கறுப்பின மக்களே. ஆப்கன் பொண்ணுங்க என்ன கேட்டாங்கன்னு யாராவது பாத்தோமா? 2024ல அந்த வீராங்கனைகள்ல 17 பேர் ஐசிசிக்கு லெட்டர் எழுதுனாங்க. ஆம்பள டீம தூக்குங்கன்னு அதுல கேக்கல. எங்கள அகதி டீமா ஆட விடுங்க, உதவி பண்ணுங்கன்னு கேட்டாங்க. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமா அறிக்கை விட்டுச்சு, அந்த லெட்டருக்கு வழி பொறக்க எவ்ளோ நாளாச்சு பாருங்க. 2025 ஜனவரி 30 மெல்போர்ன்ல ஒரு காட்சி மேட்ச், காபூல் விழுந்ததுக்கு அப்புறம் மொத தடவ அவங்க ஒண்ணா எறங்குனாங்க. ஏப்ரல்லதான் ஐசிசி, நம்ம பிசிசிஐ, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போர்டெல்லாம் சேந்து அவங்களுக்கு நிதி, பயிற்சின்னு அறிவிச்சாங்க.

அவகிட்ட கேட்டேன், உங்க பசங்க டீமோட மத்த நாடு ஆடணுமா வேண்டாமான்னு. அவ தம்பிக்கு ரஷீத் கான்னா பைத்தியம். சேப்பாக்கம் மேட்ச் அன்னிக்கு அவளும் பாத்திருக்கா, ஜெயிச்சதும் தெருவுல ஆம்பளைங்க எல்லாம் எறங்கி ஆடிருக்காங்க, அவ ஜன்னல் பக்கத்துல நின்னு பாத்திருக்கா. ஆடட்டும்னா. ஆடும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் மைக்ல எங்கள பத்தி கேக்கணும், ஒவ்வொரு மேட்ச்லயும், சலிக்காம. இது அவ ஒருத்தியோட பதில், அவளோட வயசு இன்னொரு பொண்ணு, அதே க்ளாஸ்ல இருக்கறவ, ஆடவே கூடாதுன்னா. ரெண்டு பேரும் அத பத்தி சாட்ல அர மணி நேரம் சண்ட போட்டாங்க, இங்கிலீஷ்லயே. நான் குறுக்க போகல.

அக்டோபர் 1 சாயங்காலம் நெட் வந்துச்சு. எங்க வீட்ல அன்னிக்கு சரஸ்வதி பூஜ. புத்தகம், நோட்டு, அந்த செவப்பு பேனா எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு சாமி முன்னாடி அடுக்கிருந்தேன், சுண்டல் தாளிச்சுட்டிருக்கும்போது போன் அடிச்சுது. ரெண்டு டிக், ரெண்டும் நீலம். அடுத்த நிமிஷம் அவ மெசேஜ், "உஸ்தாத் ஜான், திங்கக்கெழம விட்டுப்போன க்ளாஸ எப்ப வெச்சுக்கலாம்?" கைல எண்ணெயோட அழுதுட்டேன். இப்பவே ஆரம்பிக்கலாமான்னு அவ கேக்கறா, இன்னிக்கு எங்க வீட்ல புத்தகத்த தொடக்கூடாதும்மா, சாமிகிட்ட வெச்சிருக்கேன், நாளைக்கு எடுத்துதான் படிக்கணும்னு வெளக்கி சொன்னேன். படிப்புக்கு ஒரு சாமியான்னு அவளுக்கு ஒரே ஆச்சரியம். போட்டோ கேட்டா, அனுப்பினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு கேட்டா, "தொடக்கூடாதுங்கறது ஒரே ஒரு நாள்தானா?"

ஒரே ஒரு நாள்தான்னு அனுப்பினேன்.

இப்ப அவளுக்கு இங்கிலீஷ் நல்லாவே வருது, என்னை விட வேகமா படிக்கறா. அவளுக்கு வேணுங்கறது பயாலஜி. அந்த அக்கா குடுத்த நீட் புத்தகத்துல செல் டிவிஷன் வரைக்கும் தானாவே வந்துட்டா, ஜெனெட்டிக்ஸ்ல நிக்கறா, எனக்கு அது தெரியாது. ப்ளஸ் டூ லெவல் பயாலஜி இங்கிலீஷ்ல எடுக்கத் தெரிஞ்சவங்க, வாரத்துக்கு ரெண்டு நாள் ராத்திரி எட்டரைலேர்ந்து ஒம்போதரை வரைக்கும் ஒதுக்க முடிஞ்சவங்க எனக்கு எழுதுங்க. பொம்பளைங்களா இருந்தா அவ அம்மாவுக்கு நிம்மதி. கேமரா ஆன் பண்ணச் சொல்லக்கூடாது, போட்டோ கேக்கக்கூடாது, ஸ்க்ரீன்ஷாட், ரெக்கார்டிங் கூடாது, நல்ல எண்ணத்துல கூட அவள பத்தி வெளிய எதுவும் போடக்கூடாது. கரன்ட் போனா அர மணி நேரம் காத்திருக்கணும். மொத நாளே பயமா இருக்கான்னு கேக்காதீங்க. நேரா ஜெனெட்டிக்ஸ் ஆரம்பிச்சுடுங்க, மெண்டலோட பட்டாணிச் செடிலேர்ந்து, அவ அந்தப் பக்கத்துல பென்சில்ல ஏழு கேள்வி எழுதி வெச்சிருக்கா.